அம்மாவின் கைக்காகச் செய்த பைப்புக் கை

போன மாம்பழ சீசனில் ஒரு காலை, அம்மா பின்கட்டுப் படியில் வழுக்கி விழுந்தார். விழுகிறவர்கள் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். வலது கையை முன்னால் ஊன்றினார். உடம்பின் எடை முழுக்க உள்ளங்கை வழியாக ஏறி, மணிக்கட்டுக்கு இரண்டு விரல் மேலே எலும்பை உடைத்துவிட்டது.

எக்ஸ்ரேயில் கோடு தெளிவாகத் தெரிந்தது. முன்கையில் இரண்டு எலும்பு. கட்டைவிரல் பக்கம் இருப்பது ரேடியஸ், சுண்டுவிரல் பக்கம் இருப்பது அல்னா. கையை ஊன்றி விழும்போது பாரத்தின் பெரும்பங்கை மணிக்கட்டில் வாங்குவது ரேடியஸ்தான். அதனால்தான் வயதான பெண்கள் விழுந்தால் பெரும்பாலும் அந்த இடத்தில் உடைகிறது. மாதவிடாய் நின்றபிறகு எலும்பின் சுண்ணாம்புச் சத்து வேகமாகக் குறைவதும் சேர்ந்துகொள்கிறது.

ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் எங்கள் நகரியில் இருந்துகொண்டு, எலும்பு முறிந்தால் கட்டுப் போடப் புத்தூர் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சென்னையிலிருந்தே வண்டி பிடித்து வருகிறார்கள், எங்களுக்கோ அது பக்கத்து ஊர். எலும்பு இடம் விலகவில்லை என்று டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் கூட்டிப் போனோம். மூங்கில் தப்பை, முட்டை வெள்ளைக்கரு, சுற்றித் துணி. இதில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: எக்ஸ்ரே பார்க்காமல் எந்தக் கட்டுக்கும் போகக்கூடாது. எலும்பு தோலைக் கிழித்திருந்தால் நேராக ஆஸ்பத்திரி. கட்டுப் போட்டபிறகு விரல் நீலமானாலோ மரத்துப்போனாலோ இரவென்று பார்க்காமல் அவிழ்க்க வேண்டும். அம்மாவுக்கு அப்படி எதுவும் ஆகவில்லை. ஆறு வாரத்தில் எலும்பு நன்றாகவே கூடியது.

ஆனால் கட்டை அவிழ்த்தபோது உள்ளே இருந்தது வேறு யாருடைய கையோ போல இருந்தது. மெலிந்து, தோல் சுருங்கி, இடது கைக்குப் பாதி. முழங்கை மடங்கியது, நீண்டது. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பத்தான் வரவில்லை. சோறு பிசைய முடிகிறது, வாய்க்குக் கொண்டுபோகும் அந்தத் திருப்பம் வரவில்லை. கோயிலில் விபூதிக்குக் கை நீட்டினால் உள்ளங்கை சுவர் போலப் பக்கவாட்டில் நிற்கிறது. விபூதி தரையில் கொட்டியது. அன்று அம்மா முகத்தை நான் பார்த்தேன்.

“எலும்புதான் ஒட்டிடுச்சே, ஆயா கை ஏன் திரும்பல?” என்று என் மகள் கேட்டாள். வீட்டில் பாப்பா என்போம், எட்டாம் வகுப்பு. வீட்டில் எலும்பு, தசை என்கிறோம். பள்ளியில் எமுக, கண்டரம் என்று தெலுங்கில் கேட்டு வருகிறாள். இரண்டு மொழியிலும் என்னிடம் பதில் இல்லை. இருபது வருடமாக விசைத்தறி ரிப்பேர் பார்க்கிறேன். எது ஏன் அசையவில்லை என்று கேட்டால் நான் கழற்றிப் பார்ப்பவன். அம்மா கையைக் கழற்ற முடியாது. சரி, மாதிரிக்கு ஒரு கை செய்து பார்ப்போம் என்று உட்கார்ந்தோம்.

எலும்புகள்

அளவெல்லாம் அம்மா கையிலிருந்தே எடுத்தோம். தோளிலிருந்து முழங்கை 29 சென்டிமீட்டர். முழங்கையிலிருந்து மணிக்கட்டு 24. முழங்கையிலிருந்து உள்ளங்கை நடு 32.

மேற்கை எலும்புக்கு ஒரு அங்குல பிவிசி பைப். முன்கைக்கு அரை அங்குல பைப் இரண்டு. பைப் எடுத்தது வசதிக்காக மட்டும் இல்லை. நம் நீண்ட எலும்புகளும் குழாய்தான். சுற்றிலும் கெட்டி ஓடு, நடுவே மஜ்ஜை. வளைக்கும் விசை வரும்போது பாரத்தின் பெரும்பங்கு வெளி ஓரத்தில்தான் விழும், நடுவில் இருக்கும் பொருளுக்கு வேலை குறைவு. மூங்கில் அவ்வளவு லேசாக இருந்துகொண்டு அவ்வளவு தாங்குவதும் இதனால்தான்.

பைப்புக்கும் எலும்புக்கும் பெரிய வித்தியாசம் என்னவென்று பாப்பா கேட்டதால் பக்கத்தில் இன்னொரு சோதனையும் ஓடியது. கோழிக்கால் எலும்பு இரண்டு. ஒன்றை வினிகரில் ஒரு வாரம் ஊறவைத்தாள், நடுவில் ஒருமுறை வினிகரை மாற்றினாள். இன்னொன்றை நான் அடுப்புக் கனலில் நன்றாகச் சுட்டேன். வினிகர் சுண்ணாம்புச் சத்தைக் கரைத்துவிடும். மிஞ்சுவது கொலாஜன் என்ற நார். அந்த எலும்பை அவள் ரப்பர் போல வளைத்துக் காட்டினாள். நெருப்போ நாரை எரித்துவிடும், மிஞ்சுவது கல். அது விரல் அழுத்தத்திலேயே பொடிந்தது. கல்லும் நாரும் பின்னிக்கிடந்தால்தான் எலும்பு. கல் மட்டும் இருந்தால் உடையும், நார் மட்டும் இருந்தால் வளையும். பைப்பில் இது இல்லை. இன்னொன்றும் இல்லை: பைப் உடைந்தால் ஒட்டிக்கொள்ளாது. எலும்புக்குள் உயிரணுக்கள் இருக்கின்றன, அவை பழையதைக் கரைத்துப் புதியதைக் கட்டிக்கொண்டே இருக்கும். பாரம் விழும் இடத்தில் கூடுதலாகக் கட்டும், பாரம் இல்லாவிட்டால் குறைத்துவிடும். விண்வெளியில் மாதக்கணக்கில் மிதப்பவர்களுக்கு எலும்பு கரைவது இதனால்தான்.

மூட்டுக்கு வருவோம். அல்னாவின் மேல்முனை ஸ்பானர் வாய் போல மேற்கை எலும்பைக் கவ்வியிருக்கிறது. அதனால் மடக்கலாம், நீட்டலாம், வேறெதுவும் முடியாது. சின்னக் கதவுக் கீல் ஒன்றை வைத்து அல்னாவை மாட்டினேன். மாட்டியதும் கை பின்பக்கமும் மடிந்தது. நம் முழங்கையின் பின்னால் கூர்மையாகத் தட்டுப்படுவது அல்னாவின் மேல்முனைதான். கை நீண்டதும் அது மேற்கை எலும்பின் பள்ளத்தில் போய் முட்டி நிறுத்திவிடும். மாதிரியில் ஒரு மரத்துண்டை முட்டுக்கட்டையாகத் திருகினேன். நின்றது.

ரேடியஸ்தான் வேலை வாங்கியது. அதன் மேல்முனை பட்டன் போல வட்டம். வளையமாக ஒரு ஜவ்வு அதன் கழுத்தைச் சுற்றிப் பிடித்து, அல்னாவோடு சேர்த்து வைத்திருக்கிறது. வளையத்துக்குள் அந்த முனை சுழலலாம், விலகக்கூடாது. தறியில் கழித்த தோல்வாரை வெட்டி வளையமாகத் தைத்து ரேடியஸ் பைப்பின் கழுத்தில் மாட்டினேன். கீழ்முனையில் ஒட்டுப்பலகையில் வெட்டிய உள்ளங்கையைத் திருகினேன், ரேடியஸோடு மட்டும். நிஜத்திலும் கை ரேடியஸைத்தான் சார்ந்திருக்கிறது. பாப்பா பலகைக் கையைப் பிடித்து மெல்லத் திருப்பினாள். ரேடியஸ் எழுந்து, அல்னாவின் மேல் குறுக்கே படுத்தது. திரும்பத் திருப்பினால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நேராக நின்றன.

அங்கேயே பாதி விடை கிடைத்துவிட்டது. உள்ளங்கை மேல்நோக்கினால் இரண்டு எலும்பும் தண்டவாளம் போல இணையாக இருக்கும். கவிழ்த்தால் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் படுக்கும். அம்மாவுக்கு உடைந்தது அந்த ரேடியஸின் கீழ்முனை, அதாவது சுழன்றுபோய் நிற்கும் முனை. எலும்பு ஒட்டலாம், ஆறு வாரம் அசையாமல் இருந்த மூட்டின் உறை விறைத்துப்போனால் வண்டி பாதி வழியில் நின்றுவிடும்.

(இடையில் ஒரு சொல். சின்னக் குழந்தையை ஒரு கையைப் பிடித்துச் சுண்டித் தூக்காதீர்கள். அந்த வயதில் இந்த வளைய ஜவ்வு தளர்வாக இருக்கும், ரேடியஸின் தலை அதிலிருந்து நழுவிவிடும். குழந்தை அழுதுகொண்டு கையைத் தொங்கப்போடும்.)

கயிறு எங்கே கட்டுவது

எலும்புக்கூடு தயார். அசைக்க வேண்டும். மேற்கையின் முன்பக்கம் புடைக்கும் இருதலைத் தசைக்குப் பதிலாக முதலில் ஒரு சாதாரணக் கயிறு. தோள் பக்கம் ஒரு வளையம் வழியாகப் போட்டு, முன்கையின் நடுவில், முழங்கையிலிருந்து 12 சென்டிமீட்டரில் கட்டினேன். உள்ளங்கையில் அரை கிலோ சர்க்கரைப் பொட்டலம். ஸ்பிரிங் தராசால் கயிற்றை இழுத்து, முன்கை செங்கோணத்தில் நிற்கும்போது பார்த்தால் ஏறத்தாழ 2 கிலோ. சந்தோஷமாக இருந்தது.

பாப்பா தன் கையை மடக்கி அந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். “அப்பா, இங்க கயிறே இல்லையே.” ஆமாம். நீங்களும் பாருங்கள். வலது கையை மேஜைக்கு அடியில் வைத்து மேல்நோக்கித் தள்ளுங்கள், இடது கை விரலால் முழங்கை மடிப்பைத் தொடுங்கள். வில்லின் நாண் போல ஒன்று விறைத்து நிற்கும். அதுதான் இருதலைத் தசையின் தசைநாண். அது முழங்கைக்குக் கீழே நான்கைந்து சென்டிமீட்டருக்குள் ரேடியஸில் போய்ப் புதைந்துவிடுகிறது. முன்கையின் நடுவுக்கு வருவதே இல்லை.

கயிற்றை அவிழ்த்து 4 சென்டிமீட்டரில் கட்டினேன். அதே சர்க்கரை, அதே செங்கோணம். தராசு 5 கிலோவைத் தாண்டியது. பொட்டலம் அரை கிலோதான், மீதி எங்கிருந்து வந்தது? சுமை முழங்கையிலிருந்து 32 சென்டிமீட்டரில் தொங்குகிறது, இழுப்பு 4 சென்டிமீட்டரில். எட்டு மடங்கு. அதாவது அரை கிலோவுக்கு 4 கிலோ. பைப்பும் பலகையும் சேர்ந்த எடைக்கு இன்னும் ஒரு கிலோவுக்கு மேல். 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் போரெல்லி என்பவர் உடம்பின் மூட்டுகளை ஒவ்வொன்றாக இப்படிக் கணக்குப் போட்டு, தசைகள் நாம் தூக்கும் சுமையைவிடப் பல மடங்கு அதிகமாக இழுக்கின்றன என்று காட்டினார். ஒரு குடம் தண்ணீரை முன்கையில் தூக்கும்போது தசை என்ன பாடுபடும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

ஏன் இப்படி நஷ்டத்துக்குக் கட்டியிருக்கிறது? எனக்கு இதில் குழப்பமே வரவில்லை, தினமும் பார்ப்பதுதான். தறியில் ஊடை நூலைக் கொண்டு ஓடும் நாடாவை எறிகிற பிக்கிங் ஸ்டிக் என்ற குச்சியும் இதே கட்டுமானம். அச்சாணிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு தள்ளல், மறுமுனை பறக்கும். விசையைக் கொடுத்து வேகத்தையும் வீச்சையும் வாங்குகிறோம். தசையாலும் ரொம்ப நீளம் சுருங்க முடியாது. 4 சென்டிமீட்டரில் கட்டினால் அந்தக் கொஞ்சச் சுருக்கத்திலேயே கை முழுதாக மடிந்து வாய்க்கு வந்துவிடும். 12இல் கட்டினால் விசை மிச்சம், ஆனால் பாதி வழியில் நின்றுவிடும். போதாததற்கு மடக்கும்போது கயிறு மூட்டைவிட்டு விலகி நிற்கிறது. நிஜக் கை அப்படி இருந்தால் முழங்கையில் வௌவால் இறக்கை மாதிரித் தோல் தொங்கும்.

ஊதிச் சுருங்கும் தசை

கயிற்றை நாம் இழுத்தால் அது தசை ஆகாது. தானே சுருங்கும் ஒன்று வேண்டும்.

1950களில் அமெரிக்காவில் ஜோசப் மெக்கிபன் என்ற இயற்பியலாளர், போலியோவால் முடங்கிய தன் மகளின் விரல்களை அசைக்க ஒரு செயற்கைத் தசையை உருவாக்கினார். ரப்பர் குழாய், அதைச் சுற்றிப் பின்னல் உறை. காற்றை ஏற்றினால் குழாய் பருக்கும், பருக்கும்போது பின்னலின் நீளம் குறையும். பெண்ணுக்காக ஒரு அப்பா செய்தது என்று படித்ததும் எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை.

பின்னல் உறைக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. துணி காயப்போடும் நைலான் கொடிக்கயிற்றில் தடித்த ரகம், உள்ளே திரியை உருவிவிட்டால் வெறும் பின்னல் குழாய். இரண்டு முனையையும் பிடித்து நெருக்கினால் நடுவில் புடைக்கும், இழுத்தால் மெலியும். எந்தப் பக்கம் குறைகிறதோ மறுபக்கம் கூடும், அது பின்னலின் சுபாவம். உள்ளே நீள பலூன் ஒன்றைச் செருகினேன். ஒரு முனையை மடித்துக் கட்டி, மறுமுனையில் பழைய சைக்கிள் டியூபின் வால்வை வைத்துக் கம்பியால் முறுக்கினேன். 24 சென்டிமீட்டர்.

முதல் பலூன் பின்னலின் கண் வழியாகப் பிதுங்கி வெடித்தது. இரண்டாவதும். மருந்துக்கடையில் மெல்லிய ரப்பர் குழாய் வாங்கி வைத்தபிறகு நின்றது. முனைகளில் கம்பிக்குப் பதில் ஹோஸ் கிளிப் போட்டேன், இல்லாவிட்டால் அழுத்தம் ஏறும்போது வால்வு துப்பாக்கிக் குண்டு மாதிரித் தெறிக்கிறது. யாராவது செய்வதானால் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளைப் பம்ப் பக்கம் மட்டும் நிறுத்துங்கள்.

அதை மாதிரிக் கையில் மாட்டி, பம்பால் 30 பவுண்டு அழுத்தத்துக்குக் காற்று ஏற்றினேன். 24 சென்டிமீட்டர் 18.5 ஆனது. அரை கிலோ சர்க்கரையோடு முன்கை எழுந்து செங்கோணத்தைத் தாண்டியது. நடுவில் தசை புடைத்து நின்றது, சினிமா ஹீரோ கை போல. பாப்பா கத்திய கத்தலில் பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வந்தார்கள்.

ஆனால் அவளிடம் ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை: இந்தத் தசை ஒரு விஷயத்தில் பொய் சொல்கிறது. நரம்பு வழியாக ஏதோ ஒன்று வந்து தசையை ஊதிப் பெருக்கிச் சுருக்குகிறது என்றுதான் ஐரோப்பாவில் நெடுங்காலம் நம்பினார்கள். 17ஆம் நூற்றாண்டில் ஹாலந்தைச் சேர்ந்த யான் ஸ்வாமர்டாம் தவளைத் தசையை ஒரு கண்ணாடிக் குழலில் அடைத்தார். அதன் மெல்லிய நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர். தசை சுருங்கும்போது பருமன் கூடினால் சொட்டு மேலே ஏற வேண்டும். ஏறவில்லை. தசைக்குள் எதுவும் புகவில்லை. குட்டையாகிற அளவுக்குத் தடிக்கிறது, அவ்வளவுதான்.

உள்ளே என்ன நடக்கிறது என்பது 1954இல்தான் துலங்கியது. இரண்டு தனிக் குழுக்கள் ஒரே நேரத்தில் ஒரே முடிவுக்கு வந்தன. இரண்டிலும் ஹக்ஸ்லி என்ற பெயரில் ஒருவர், உறவினர்கள் இல்லை. தசை நாருக்குள் தடித்த இழைகளும் மெல்லிய இழைகளும் மாறிமாறி அடுக்கியிருக்கின்றன. எந்த இழையும் சுருங்குவதில்லை. ஒன்றின் இடையில் ஒன்று வழுக்கி உள்ளே போகிறது, இரண்டு சீப்புகளை எதிரெதிராகச் செருகுவது போல. தடித்த இழையிலிருந்து நீளும் கொக்கிகள் மெல்லியதைப் பிடித்து, இழுத்து, விட்டு, மறுபடி பிடிக்கின்றன. நூலோடு வாழ்கிற எனக்கு இதைப் படித்த இரவு தூக்கம் வரவில்லை.

இறக்குவதும் வேலைதான்

ஏற்றியாயிற்று, இறக்க வேண்டும். வால்வைத் திறந்தேன். கை தொப்பென்று விழுந்து பலகையில் அடித்தது, ஒரு விரல் பிய்ந்தது. தண்ணீர்க் குடத்தை நாம் அப்படிப் போடுவதில்லை. இறக்கும்போதும் இருதலைத் தசைதான் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கிறது. நீண்டுகொண்டே இழுக்கிறது. வால்வை ஊசிமுனை அளவு திறந்து பழகினோம், மெதுவாக இறங்கியது.

அப்புறம் மாதிரியைத் தலைகீழாகப் பிடித்தாள் பாப்பா. முன்கை தோளை நோக்கி விழுந்துகிடந்தது, நிமிர்த்த ஆள் இல்லை. நாம் கையைத் தலைக்குமேல் தூக்கி எதையாவது எட்டி எடுக்கும்போது முழங்கையை நீட்டுவது யார்? பின்பக்கம் இருக்கும் முத்தலைத் தசை. அது முழங்கையின் கூர்முனையைப் பிடித்துப் பின்னால் இழுக்கிறது, முன்கை நீள்கிறது. தசைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாது. சுவரை நாம் தள்ளும்போதுகூட உள்ளே ஒரு தசை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அதனால் எந்த மூட்டுக்கும் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. சாதா நெசவுத் தறியின் மேலே உருளையில் சுற்றிய தோல்வார், பாவு நூலை ஏற்றி இறக்கும் இரண்டு விழுதுச் சட்டங்களைத் தாங்கும். ஒன்றைக் கீழே இழுத்தால் வார் வழியாக மற்றது ஏறும். வாரால் தள்ள முடியாது என்பதால் செய்த ஏற்பாடு. இத்தனை வருடம் அதற்கு எண்ணெய் விட்டிருக்கிறேன், என் தோளிலும் இடுப்பிலும் அதே ஏற்பாடு என்று தோன்றியதில்லை. பின்பக்கத்துக்கு சைக்கிள் டியூபில் ஒரு பட்டை வெட்டிக் கட்டினேன். மாதிரிக்கு அது போதும்.

நிற்பதும் இப்படித்தான். 206 எலும்பையும் சரியாக அடுக்கிவைத்தாலும் எலும்புக்கூடு தானாக நிற்காது, அதனால்தான் கொக்கியில் தொங்கவிடுகிறார்கள். பந்தல்காலுக்கு நான்கு பக்கமும் இழுகயிறு மாதிரி தசைகள் பிடித்திருக்கின்றன. நேராக நிற்கும்போது உடம்பின் எடை கணுக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் விழுகிறது. முன்னால் சாயாமல் இருக்க கெண்டைக்கால் சதை ஓயாமல் பின்னால் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தறி ஓட்டுகிறவர்கள் மாலையில் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவது நடந்த வலியால் இல்லை, நின்ற வலியால்.

பம்பரக் கயிறு

இத்தனையும் ஆனபிறகும் அம்மாவின் பிரச்சினை அப்படியே இருந்தது. மாதிரிக் கை மடங்கியது, நீண்டது. உள்ளங்கை தானாகத் திரும்பவில்லை.

விடை என் ஸ்குரூடிரைவரில் இருந்தது. ஒரு ஸ்குரூவை வலது கையால் முறுக்கிக்கொண்டிருந்தேன், முழங்கை மடங்கியிருந்தது. தற்செயலாக இடது கையால் வலது மேற்கையைப் பிடித்தேன். ஒவ்வொரு முறுக்குக்கும் இருதலைத் தசை கல்லாகிறது. கழற்றுகிற பக்கம் திருப்பினால் தளர்கிறது. மடக்குகிற தசை திருப்புகிறதா?

தசைநாண் ரேடியஸின் எந்தப் பக்கம் புதைகிறது என்று படத்தில் மறுபடி பார்த்தோம். முன்பக்கம் இல்லை, உள்பக்கத்தில், அல்னாவை நோக்கியிருக்கும் ஒரு மேட்டில். கையைக் கவிழ்த்தால் அந்த மேடு பின்னால் போகிறது, தசைநாண் எலும்பைச் சுற்றிக்கொள்கிறது. பம்பரத்தில் சாட்டை சுற்றியது மாதிரி. இழுத்தால் என்ன ஆகும்? பம்பரம் சுழலும்.

நான் கயிற்றை ரேடியஸ் பைப்பின் முன்பக்கம் நேராகக் கட்டியிருந்தேன். அவிழ்த்து, உள்பக்கத்தில் ஒரு துளை போட்டு, கையைக் கவிழ்த்து வைத்துப் பைப்பை அரைச் சுற்றுச் சுற்றிக் கட்டினேன். காற்று ஏறியது. முதலில் உள்ளங்கை திரும்பியது, சோம்பலாக, மேல்நோக்கி. திரும்பிக்கொண்டே முன்கை எழுந்தது. ஒரு பிடி சோறு வாய்க்கு வருகிற அதே அசைவு. மூன்று பேரும் பேசவில்லை.

அம்மா அருகில் வந்து, மாதிரியின் பின்னல் தசையைத் தொட்டு, அப்புறம் தன் மேற்கையைத் தொட்டுப் பார்த்தார். “இதுவாடா இளைச்சுப் போச்சு?” இதுவும்தான். ஆறு வாரம் வேலை இல்லாத தசை மெலிந்துவிடும், எலும்பைப் போலவே அதுவும் வேலைக்குத் தகுந்த கூலி. மேலே இழுக்கத் தெம்பு இல்லை, கீழே மணிக்கட்டில் மூட்டு விறைப்பு. இரண்டும் சேர்ந்துதான் உள்ளங்கையைப் பிடித்து வைத்திருந்தது.

திருத்தணியில் நாங்கள் பார்த்த பிசியோதெரபி அம்மா ஒரு பயிற்சி சொல்லியிருந்தார், காரணம் புரியாததால் நாங்கள் அதை அரைகுறையாகச் செய்துகொண்டிருந்தோம். முழங்கையை இடுப்போடு ஒட்டி மடக்கி, கையில் ஒரு சுத்தியலைச் செங்குத்தாகப் பிடித்து, மெதுவாக வெளிப்பக்கம் சாய்த்துத் திரும்ப நிமிர்த்த வேண்டும். இப்போது பாப்பாவே விளக்கினாள்: தலைப்பக்கம் பிடித்தால் லேசு, பிடியின் நுனியில் பிடித்தால் பாரம், ஏனென்றால் தூரம். அம்மா முதல் வாரம் சுத்தியலின் தலைக்கு அருகிலேயே பிடித்தார். வலித்தால் நிறுத்த வேண்டும், இழுக்கிற மாதிரி இருந்தால் தொடரலாம். வாரத்துக்கு இரண்டு விரல் கீழே இறங்கினோம். முதலில் வெந்நீர் ஒத்தடம், அப்புறம் சுத்தியல்.

அளவு பாப்பா எடுத்தாள். அம்மா கைமுட்டியில் பென்சிலைச் செங்குத்தாகப் பிடிப்பார், பின்னால் கோணமானி. தொடக்கத்தில் வெளிப்பக்கம் 35 பாகை. இரண்டு வாரம் 40இலேயே நின்றது, அம்மா சலித்துப்போனார். நான்காம் வாரம் 55. ஏழாம் வாரம் 70. இடது கை 85 வருகிறது.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் ஓய்ந்தபிறகு ஒரு செவ்வாய்க்கிழமை திருத்தணி மலை ஏறினோம். அம்மா வலது கையை நீட்டினார். முழுதாகத் திரும்பவில்லை, ஒரு ஓரம் கொஞ்சம் சரிந்துதான் இருந்தது. ஆனால் விபூதி உள்ளங்கைப் பள்ளத்தில் நின்றது. இறங்கி வரும்போது பாப்பா அடுத்து விரல்களைச் செய்யலாம் என்றாள். விரலுக்குள் தசையே கிடையாது, மடக்குவதெல்லாம் முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கும் தசைகள் நாண் வழியாக இழுப்பதுதான் என்று எங்கோ படித்துவிட்டாளாம். ஐந்து விரலுக்குக் கயிறு ஓட சின்னக் குழாய்கள் வேண்டும். ஜூஸ் குடிக்கும் ஸ்ட்ராவை வெட்டி ஒட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.